நீரூற்று ஓடிய இரண்டு மணி நேரம்

சுகாதாரத் துறையிலிருந்து வந்த கடிதத்தை ஃபுவென்சாந்தா காப்பி இயந்திரத்துக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்திருந்தாள். பாருக்கு வருகிறவர்களின் கழிப்பறையில் வேலை நேரம் முழுக்கக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும், பதினைந்து நாளுக்குள் வராவிட்டால் கடைக்குச் சீல் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்று பன்னிரண்டாம் நாள்.

அந்தப் பாரைத் தவிர அவளுக்கு வேறு நாதி கிடையாது. புருஷன் பாஸ்குவால் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் மாற்றி வருகிறேன் என்று போனவன். பதினோரு வருடமாகியும் அவனும் வரவில்லை, சிலிண்டரும் வரவில்லை. அவள் கொஞ்ச நாள் சிலிண்டரைத் தேடினாள். காலையில் காப்பி, மதியம் பொரித்த நெத்திலியும் திராட்சை மதுவும், சாயங்காலம் டோமினோ ஆடுகிற கிழவர்களின் சண்டை என்று முப்பத்தொரு வருடமாக அந்தக் கடையின் ஷட்டர் கதவைத் தூக்கித் தூக்கி அவள் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது.

கடற்கரை ஊரான காலா பார்தாவில் நான்கு மாதமாகத் தண்ணீர் காலை ஏழிலிருந்து எட்டு வரைதான். அதுவும் ஊர் வால்வைத் திறக்கும் ஹினேஸ் எழுந்து வந்தால். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். என் வீட்டுலயும் அதே ஒரு மணி நேரம். நானே வாளித் தண்ணியிலதான் குளிக்கிறேன்" என்று மேயர் எவரிஸ்தோ நெஞ்சில் கைவைத்து மூன்று கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவர் வீட்டு மதில்மேல் வரிசையாகச் சிவந்து கிடக்கும் ஜெரேனியம் பூக்களைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அது சீனாக்காரன் கடை பிளாஸ்டிக்குப்பா" என்று சிரித்தார். ஊரும் நம்பியது. பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அந்த எவரிஸ்தோதான் இரண்டு நாளைக்கு முன்பு பாருக்கு வந்து, கப்பல் சேதியைச் சொன்னார். துறைமுகத்தில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பலிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் கடற்கரை ஓரமாகவே சுற்றிப் பார்த்துக்கொண்டு இங்கே வரப்போகிறார்கள். இது வெள்ளோட்டம். கூட வரும் வழிகாட்டிப் பெண் நல்ல மதிப்பெண் போட்டால் அடுத்த வருடம் ஒன்பது முறை வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க, ஆறு வருடமாகப் பல்லி குடியிருக்கும் சதுக்கத்து நீரூற்று அன்று இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அதற்கு அழுத்தம் போதாது என்பதால் அன்று காலை ஊருக்குத் தண்ணீரே கிடையாது.

"ஏன்டா எவரிஸ்தோ, மொத்தமா நிறுத்திட்டா என் பாத்ரூமுக்கு நான் எங்க போறது?" என்றாள் ஃபுவென்சாந்தா. இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சு.

"கடலைப் பாக்க வர்றாங்க தாயி. பாத்ரூமைப் பாக்கவா கப்பல் ஏறி வருவாங்க?"

"சுகாதார இன்ஸ்பெக்டர் அதைப் பாக்கத்தான்டா வர்றாரு."

"இந்த ஒரு நாளைத் தாண்டிடு. ஒன்பது கப்பல் வந்துச்சுன்னா மாகாண அரசாங்கமே புதுக் குழாய் போடும். உன் பாத்ரூமுல அருவி கொட்டும், நானே வந்து குளிக்கிறேன்."

அருவி அடுத்த வருடம், சீல் ஐந்து நாளில். இந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வேறு வழி தெரியாததால், முந்தின நாள் கிடைத்த ஒரு மணி நேரத்தில் பழைய ஆலிவ் பீப்பாய் ஒன்றைக் கழுவி, கழிப்பறைக்குப் பக்கத்தில் வைத்து, விளிம்பு வரை நிரப்பி வைத்தாள். நெத்திலி வாங்கினாள், வெள்ளை மேசைவிரிப்பைப் போட்டாள். வருகிறவர்கள் சந்தோஷமாகப் போனால் அந்தக் குழாய் ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடாதா என்ற நப்பாசை.

பேருந்து பதினொன்று இருபதுக்கு வந்தது. "காய்ந்த கரை: உப்பும் ஒளியும்" என்பது அந்தச் சுற்றுலாவின் பெயர். பெயர் வைத்தவர் கப்பலின் குளிர்சாதன அறையை விட்டு இறங்கியிருக்க மாட்டார். எட்டரைக்குக் கிளம்பியவர்களைக் கலங்கரை விளக்கத்தில் முக்கால் மணி, உப்பளத்தில் முக்கால் மணி, மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் வாசலில் அரை மணி என்று வெயிலில் நிறுத்திக் காயவைத்து எடுத்து வந்திருந்தார்கள். வழி நெடுக ஒரு மரம் இல்லை, ஒரு புதர்கூட முழங்காலுக்கு மேல் இல்லை. வழிகாட்டிப் பெண் பெலென் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில், "தண்ணீர் குடியுங்கள், நிறையக் குடியுங்கள், இது வறண்ட பூமி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆளுக்கு இரண்டு பாட்டில் கப்பல் கணக்கில் இலவசம். இலவசம் என்றதும் மூன்றாவது பாட்டிலும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பேருந்தின் நடுவே ஒரு கழிப்பறை இருந்தது. இந்தக் கரையில் ஓடும் எல்லாச் சுற்றுலாப் பேருந்திலும் இருப்பதுபோலவே அதுவும் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டால் ஓட்டுநர் கைகளை விரித்தார், பிறகு சுத்தம் செய்ய வேண்டியவர் அவர்தானே.

நாற்பத்தாறு பேர் இறங்கினார்கள். எல்லார் நெஞ்சிலும் பதினான்கு என்று வட்டமாக ஒரு ஒட்டுத்தாள், எல்லார் முகத்திலும் ஒரே தவிப்பு. பெலென் அதே எண் எழுதிய பலகையைக் குச்சியில் தூக்கிப் பிடித்தாள். எவரிஸ்தோ சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, அவர்களை நேராக மேட்டுக்கு நடத்திப் போனார். தன் வீட்டைத் தாண்டி, காட்சிமுனை வரை ஏறி, கடலைக் காட்டி, கீழே இறக்கி, கடைசியில் சதுக்கத்தில் நீரூற்றுக்கு முன்னால் நிறுத்திப் பேச ஆரம்பித்தார்.

நீரூற்று பிரமாதமாக ஓடியது. அதைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. வெள்ளைக்காரர்களைவிட ஊர்க்காரர்கள்தான் அதிகம் படம் எடுத்தார்கள். கோஸ்மே பெரியவர் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தைத் துடைக்கப் போக, நகராட்சிக் காவலர் விசில் ஊதினார். பெரியவருக்குக் காது கேட்காது, நிதானமாகத் துடைத்து முடித்தார்.

"நீரும் ஒளியும் கைகோக்கும் மண் இது" என்று எவரிஸ்தோ முழங்கினார். பின்னால் சலசல, சொளசொள, கொட்டு கொட்டென்று கொட்டியது. மூன்று மணி நேரமாக அடக்கிக்கொண்டிருப்பவர்களின் காதருகே ஓடும் தண்ணீரை வைத்துப் பேசுவது போன்ற கொடுமையை அந்த மனிதர் தெரிந்து செய்யவில்லை. ஒருவர் காலை மாற்றி நின்றார். இன்னொருவர் மாற்றவே முடியாமல் நின்றார். பேச்சு தொப்புள்கொடி, தாய்மண் என்று போய்க்கொண்டிருக்கையில் கூட்டம் கலைந்தது. கலைந்தது என்ன, பாய்ந்தது. நாற்பத்தாறு பேரும் ஃபுவென்சாந்தாவின் பாருக்குள் இருந்தார்கள்.

நெத்திலியை ஒருவரும் பார்க்கவில்லை. வெள்ளை விரிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. "பாத்ரூம்?" என்ற ஒரே வார்த்தையை நான்கு மொழியில் சொன்னார்கள். ஃபுவென்சாந்தா வாளியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். ஒருவர் வெளியே வர, இவள் உள்ளே போய் ஒரு வாளி ஊற்ற, அடுத்தவர் உள்ளே போக என்று முதுகு நோக நோக உழைத்தாள். பதினேழாவது ஆளோடு பீப்பாய் அடிதட்டியது.

"அவ்வளவுதான். தண்ணி தீந்துபோச்சு" என்றாள்.

பெலென் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், ஏதாவது பண்ணுங்க. இந்த ஃபார்ம்ல கடலுக்கு ஒரு கட்டம், சாப்பாட்டுக்கு ஒரு கட்டம், பாத்ரூமுக்கு மூணு கட்டம் குடுத்திருக்காங்க. நான் பொய் எழுத முடியாது, பயணிகளும் தனியா எழுதுவாங்க" என்றாள்.

ஃபுவென்சாந்தா கணக்குப் போட்டாள். மதிப்பெண் போனால் கப்பல் போகும், கப்பல் போனால் குழாய் போகும், அதெல்லாம் போவதற்கு முன்பே மூன்று நாளில் பார் போய்விடும். வாசலைப் பார்த்தாள். சதுக்கத்தில் யாருக்கும் பயன்படாத நீரூற்று ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது, காவலர் அதற்குக் காவல்.

வரிசையில் அடுத்து நின்றவர் வினிஃப்ரெட் என்ற ஆங்கிலேய அம்மாள், எழுபது வயதிருக்கும். தவிப்பைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அதனால் நாற்காலி நுனியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வெளிறிய முகத்தோடு தோட்டக்கலை பேசினார். பெலென் வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள்.

"மேட்டுல ஒரு வீட்டு மதில்மேல ஜெரேனியம் பாத்தாங்களாம். ஒரு இலையைக் கசக்கி மோந்து பாத்தாங்களாம், அருமையான ஜாதியாம். ஆனா ஒரு குறை சொல்றாங்க."

"என்ன குறை?"

"தண்ணி ரொம்ப ஊத்துறாங்களாம். அடி இலையெல்லாம் மஞ்சளா இருக்காம், வேர் அழுகிப்போயிடுமாம். வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க."

ஃபுவென்சாந்தா வாளியைக் கீழே வைத்தாள். நான்கு மாதமாகப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை துடைத்து, தரை துடைத்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றியவள் அவள். அங்கே பிளாஸ்டிக் பூவுக்கு வேர் அழுகுகிறது! கோபம் என்றால் அப்படி ஒரு கோபம், காது மடல் வரை சுட்டது.

பெலெனின் கையிலிருந்த பதினான்காம் எண் பலகையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினாள். "எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்றாள். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்தது. இருபத்தொன்பது பேர் முழங்கால்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்து மேட்டுத் தெருவில் ஏறினார்கள். வரிசை எங்கே போனாலும் பின்னால் போகிற ஊர் அது, சதுக்கத்தில் நின்ற சனமும் கூடவே ஏறியது.

கதவைத் திறந்தது மேயரின் மனைவி அங்குஸ்தியாஸ். குளியல் அங்கி, தலையில் முண்டாசாகச் சுற்றிய துண்டு, துண்டிலிருந்து காதோரம் சொட்டும் தண்ணீர். ஊருக்கே தண்ணீர் இல்லாத நாளில், பகல் பன்னிரண்டரைக்கு.

"கப்பல்காரங்க வந்திருக்காங்க அங்குஸ்தியாஸ். நம்ம பக்கத்து அசல் வீடு ஒண்ணைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். உன் வீட்டை விட்டா வேற எது இருக்கு?"

அங்குஸ்தியாஸுக்குத் தலைகால் புரியவில்லை. "ஐயோ, வீடு போட்டது போட்டபடி கிடக்கே... சரி சரி, வாங்க. இது வரவேற்பறை. அது புதுசாப் போட்ட பாத்ரூம். நீல டைல்ஸு, வாலென்சியாலேருந்து வந்தது. மாடியில இன்னொண்ணு இருக்கு, அதுல குளிக்கிற தொட்டி" என்று அவளே ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டாள். வரவேற்பறையை யாரும் பார்க்கவில்லை.

முதல் தண்ணீர்ச் சத்தம் வந்தது. தெருவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாடியிலிருந்து இரண்டாவது. பிறகு கீழே, பிறகு மேலே. ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ் தொட்டி முழுசாக நிரம்பி, முழுசாகக் கொட்டியது. ஊரில் நான்கு மாதமாக இரண்டு முறை தொடர்ந்து சங்கிலி இழுத்த சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

"ஏழு" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"என்ன சத்தம் அது?" என்று கோஸ்மே பெரியவர் கேட்டார்.

"தண்ணி, பெரியப்பா! தண்ணி!" என்று அவர் காதில் கத்தினார்கள்.

"மேயர் வீட்டுலயா? இருக்காதே, அவரு வாளித் தண்ணியிலல்ல குளிக்கிறாரு?"

யாரும் சிரிக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினான்கில் எவரிஸ்தோ வந்து சேர்ந்தார். மேட்டில் ஓடிவந்ததில் சிவப்புப் பட்டை கழுத்துக்கு ஏறி மாலையாகிவிட்டிருந்தது.

"அது மழைத்தண்ணி. எங்கப்பா காலத்துத் தொட்டி, பின்கட்டுல இருக்கு" என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

"எந்த மழை?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். சண்டைக்குக் கேட்டது மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரி இருந்தது. எவரிஸ்தோ வானத்தை அண்ணாந்து பார்த்தார். உள்ளே பதினைந்து.

அவர் ஃபுவென்சாந்தாவின் முழங்கையைப் பிடித்து மதிலோரம் இழுத்துப்போனார். "கேளு. இந்த லைன் வால்வுக்கு முன்னாடியே பிரியுது. இன்னிக்கு சாயங்காலமே ஹினேஸை அனுப்பி உன் பாருக்கு ஒரு குழாய் இழுத்துத் தர்றேன். ராப்பகலா வரும். இன்ஸ்பெக்டர் வந்தா நீ ஜம்முனு நிக்கலாம். அந்தக் கும்பலை மட்டும் ஏதாவது சொல்லிக் கீழ அனுப்பிடு."

பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. கண்முன் கழிப்பறையில் தண்ணீர் ஓடியது, கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள், முப்பத்தொரு வருடக் கடைக் கதவு நாலாம் நாள் காலையிலும் மேலே ஏறியது. ஊர் அவளுக்கு என்ன செய்துவிட்டது? டோமினோக் கிழவர்கள் ஒரு கோப்பை காப்பியை மூன்று மணி நேரம் குடிக்கிறவர்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவள் தயங்குவதைப் பார்த்து எவரிஸ்தோ அவசரப்பட்டார். "யோசிக்காத. ஒவ்வொருத்தனுக்கும் பாத்தா நடக்குமா? நீயும் நானும் ஒரே மாதிரி ஆளுங்கதானே" என்று அவள் இறங்கிய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தட்டல்தான் கெடுத்தது. ஆசை இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அவனோடு ஒரே மாதிரி ஆவது என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

"சத்தமாச் சொல்லு எவரிஸ்தோ. கோஸ்மே பெரியவருக்குக் காது கேக்காது."

எவரிஸ்தோ கழுத்துப் பட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி, நானே சொல்றேன்" என்று ஃபுவென்சாந்தா கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பலகையைத் தூக்கினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! மேயர் ஒரு முடிவு எடுத்திருக்காரு. இவரு வீட்டுக்கு எப்படி வருதோ அப்படியே எல்லா வீட்டுக்கும் இப்ப, இந்த நிமிஷமே வால்வைத் திறக்கச் சொல்லிட்டாரு. ஹினேஸ், அங்க என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற? மேயர் சொன்னது கேக்கலையா?"

ஹினேஸ் மேயரைப் பார்த்தான். கைதட்டல் வெடித்தது. உள்ளேயிருந்து முகம் தெளிந்து வெளியே வந்துகொண்டிருந்த கப்பல்காரர்கள் இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்து அவர்களும் தட்டினார்கள், சிலர் படம் பிடித்தார்கள். வினிஃப்ரெட் அம்மாள் எவரிஸ்தோவின் இரண்டு கைகளையும் பற்றி, கண் கலங்க, நீளமாக நன்றி சொன்னார். பெலென் தன் தாளில், "கழிப்பறை: பத்துக்குப் பத்து. மக்களும் தலைவரும் ஒரே குடும்பமாக வாழும் ஊர்" என்று எழுதினாள். இத்தனை கைகளுக்கு நடுவே மாட்டிய மனிதர் என்ன செய்வார்? தலையை ஆட்டினார். ஹினேஸ் ஓடினான்.

ஊரெங்கும் குழாய்கள் இருமிக்கொண்டு விழித்தன. சதுக்கத்து நீரூற்று முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து, கொப்பளித்து, நின்றுபோனது. மணி ஒன்று இருபது. பேருந்து கப்பலைப் பார்க்கக் கிளம்பியது. கையசைக்க ஊர்க்காரர் ஒருவரும் இல்லை, எல்லாரும் வீட்டில் வாளியோடு இருந்தார்கள்.

ஃபுவென்சாந்தா பாரின் கழிப்பறைக்குள் போய்ச் சங்கிலியை இழுத்தாள். தண்ணீர் இடிபோல இறங்கியது. தொட்டி நிரம்பும் வரை நின்று கேட்டுவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் இன்னொரு முறை இழுத்தாள். அழுகை வந்தது, அழுதாள். வெளியே டோமினோ மேசையிலிருந்து, "யாரு அங்க தண்ணிய வீணாக்குறது?" என்று ஒரு கிழவர் அதட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஹினேஸ் வியர்த்து விறுவிறுத்து வந்து பீர் கேட்டான். கையிலிருந்த வால்வுத் திருகியை, முழங்கை நீள இரும்பு, மேடைமேல் வைத்தான். ஃபுவென்சாந்தா பீரை அவன் பக்கம் நகர்த்தினாள், திருகியை எடுத்துத் தன் பக்கம் மேடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஹினேஸ் பீரைத் தொடாமல் திருகி போன இடத்தைப் பார்த்தான். "அக்கா, மேயர் ராத்திரிக்குள்ள வால்வை மூடச் சொல்வாரு. திருகி எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"எங்கிட்ட இருக்குன்னு சொல்லு. வந்து வாங்கிக்கட்டும்."

"வந்துட்டா?"

"டோமினோ ஆடுற நேரமாப் பாத்து வரச் சொல்லு" என்றாள் ஃபுவென்சாந்தா. "எதுக்கு வேணும்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு வாங்கிட்டுப் போகட்டும்."